கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோல் ஆக்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டில் போனை எடுத்து யாரும் ஹலோ சொல்வதில்லை. "என்ன விஷயம்?" என்றுதான் ஆரம்பிப்போம். பம்பாய் மாட்டுங்காவில் என் அப்பா போன் வாங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவர் ரயில்வே குமாஸ்தா. விஷயம் இல்லாத காகிதத்துக்கு ஃபைல் நம்பர் கிடையாது என்று நம்பியவர். விஷயம் இருந்தால் சொல்லலாம், சொன்னதும் வைத்துவிடலாம். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதெல்லாம் விஷயத்தில் சேராது. சாப்பிடாமல் இருந்தால்தான் விஷயம்.

அவர் எனக்கு விட்டுப்போனவற்றில் இதுதான் உறுதியானது. நான் அதைச் சேதாரமில்லாமல் என் பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவள் மெல்போர்னில் இருக்கிறாள். அங்கேயும் "என்ன விஷயம்பா?" என்றுதான் எடுக்கிறாள்.

என் மனைவி இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள், விஷயமே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசக்கூடியவள். அம்மாவும் பெண்ணும் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். மெல்போர்னில் கத்திரிக்காய் கசக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி போய்விட்டாள். பிறகு பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் போன் இருந்தது, விஷயம் இல்லை.

விஷயம் என் இடது கைச் சுண்டுவிரல் வழியாக வந்தது.

போன மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் டாக்ஸியிலிருந்து இறங்கினேன். இடது கையைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு வலது கையால் கதவைச் சாத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அரே சாப், அப்னா ஹி ஹாத்?" என்றார். சொந்தக் கையேவா என்று கேட்கிறார். சொந்தக் கையேதான். குற்றம் சொல்ல வேறு ஆள் கிடைக்காத விபத்து அது. எலும்பு கூடியது, விரல் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. டாக்டர், "சுண்டுவிரல்தானே" என்றார். பார்த்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட நாள் முழுதும் தமிழ் தட்டச்சு செய்து பிழைப்பவர் இல்லை.

என் பிழைப்பு ஷாம்பூ பாக்கெட்டின் பின்பக்கம். அதாவது, கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழாக்கித் தருவேன். 'கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்' என்பது நான் எழுதியது. என் எழுத்தில் அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்த வாக்கியம் அதுதான். மற்றபடி எப்போதாவது ஒரு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை வரும். அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதே பத்திரிகையில் எழுதுகிறவர்கள்.

நான் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவன். வி, ஈ, ஈ, டி, யூ என்று தட்டினால் திரையில் 'வீடு' வந்து நிற்கும். ள, ண, ற வேண்டுமென்றால் கூடவே ஷிஃப்ட்டை அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை வெட்டவோ ஒட்டவோ கண்ட்ரோலை அழுத்த வேண்டும். இந்த இரண்டு விசைகளும் கீழே இடது ஓரத்தில், சுண்டுவிரலின் வட்டாரத்தில் இருக்கின்றன. விரல் போனதும் என் தமிழில் இருந்து ளகரம் போயிற்று. 'முடிக்குப் பலபலப்பு' என்று ஒரு பிரதி கம்பெனிக்குப் போய்விட்டது. அங்கே யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் இன்னும் வருத்தம்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம் கீபோர்டைக் கொண்டுபோனேன். அவர் எல்லா விசையையும் தட்டிப் பார்த்தார்.

"போர்டுல ஒரு கொறையும் இல்லியே சார்."

"குறை என் விரலில் இருக்கு."

"அதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் வராதுல்லா?" என்று சிரித்தார். பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். "இதக் கொண்டு போங்க. பயலுவ கேம் ஆடுறதுக்குள்ளது. தொட்டாப் போதும், எழுத்து விழுந்துரும்."

வீட்டுக்கு வந்து செருகினால் விசைகளுக்கு அடியிலிருந்து சிவப்பும் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது. என் மேஜை கணபதி பந்தல் மாதிரி ஆயிற்று. அணைக்கும் வழி தெரியவில்லை. எழுத்து விழுந்தது உண்மைதான், தொடாத இடத்திலும் விழுந்தது. கண்ட்ரோல் மட்டும் அதே மூலையில் அதே தூரத்தில் இருந்தது.

வெட்கத்தை விட்டுப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்: 'கீபோர்ட் பிரச்னை.' அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே சாயங்காலம் ஆகப் போகிற நேரம். என் திரையை அங்கிருந்தே பார்ப்பதற்கும் தொடுவதற்கும் ஒரு ஏற்பாடு செய்தாள். மவுஸின் அம்பு தானாக நகர்ந்தபோது நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ வீட்டுக்குள் நடமாடுவதுபோல் இருந்தது.

"அப்பா, நீ கேப்ஸ் லாக் யூஸ் பண்றியா?"

"தமிழுக்கு ஏதுடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து?"

"அப்போ அது உனக்கு பேகார், வேஸ்ட். அதைக் கண்ட்ரோல் ஆக்கிடறேன். ரைட் சைடு ஆல்ட்டை ஷிஃப்ட் ஆக்கிடறேன், கட்டைவிரலால அழுத்து. சுண்டுவிரலுக்கு சுட்டி."

சுட்டி என்றால் பம்பாய்ப் பாஷையில் லீவு. என் விரலுக்கு அன்று முதல் லீவு.

கேப்ஸ் லாக் ஒரு விநோதமான பிறவி. கீபோர்டில் நல்ல இடம் பார்த்து, இரண்டு விசை அகலத்துக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். தமிழ் எழுதுகிறவனுக்கு அதனால் பைசா பிரயோஜனம் கிடையாது. தெரியாமல் கை பட்டால் ஒரு பத்தியையே குழப்பிவிட்டு, தனக்கொன்றும் தெரியாததுபோல் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சில உறவினர்களை எனக்கு அது ஞாபகப்படுத்தும். அதற்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

இந்த விஷயமாகக் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆகியவை தனி ஜாதி. தனியாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இன்னொரு விசையோடு சேர்ந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்தின் சாக்கடைக் குழாய்கள் தெரிந்தன. திரும்பி வந்து ஷாம்பூவைத் தொடர்ந்தேன்.

அவள் செய்த மாற்றத்தில் ஒரு குறை இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். ஏழெட்டு நிமிஷ வேலைதான். ஆனால் அந்தச் சமயத்தில் அவள் ஏதோ தின்பது கேட்கும், வெளியே ஒரு நாய் குரைப்பது கேட்கும், "இங்க ஒரே காத்துப்பா" என்பாள். இதெல்லாம் விஷயத்தின் நடுவில் வருவதால் எங்கள் சட்டப்படி செல்லும்.

ஒரு ஞாயிறன்று, "ஹோ கயா, முடிஞ்சது. மெஷின் ஆன் ஆனா தானா வந்துடும்படி பண்ணிட்டேன். இனிமே உனக்குத் தொந்தரவே இல்லை" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

தொந்தரவு போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

அடுத்த ஞாயிறு பத்தரைக்கு நான் சட்டை மாற்றிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சட்டை எதற்கு என்று கேட்கக் கூடாது, கேமராகூடக் கிடையாது. கீபோர்ட் தன் பாட்டுக்குக் கலர் மாறிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு எழுந்து குக்கர் வைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. எங்கள் செம்பூர் மார்க்கெட் வரை நடந்து, தேவையில்லாத கருவேப்பிலை வாங்கித் திரும்பினேன். தனி ஆளுக்குக் கருவேப்பிலை எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியும். ஒரு கட்டு கூடப் போட்டார்.

இதற்காக அவள் போட்டுவைத்திருந்த நிரலை, அதாவது புரோகிராமை, நான் ஒருநாள் திறந்து பார்த்தேன். அதில் பூதம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் அழுத்தும் விசை, வலது பக்கம் அது என்னவாக வேண்டும் என்ற விவரம், மேலே ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் ஒரு டிக். டிக் இருந்தால் கேப்ஸ் லாக் கண்ட்ரோல். எடுத்தால் பழையபடி உறவினர். பார்த்த பத்தாவது நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படித்தவனுக்கு வரக்கூடிய ஆபத்துகளில் இது ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த டிக்கை எடுத்தேன். பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்: 'கண்ட்ரோல் மறுபடி போயிடுத்து.'

'அரே! எப்படி? நாளைக்குப் பாக்கறேன்' என்று பதில் வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இப்படியாக ஒரு தொழில் தொடங்கியது. சனிக்கிழமை நான் கெடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை அவள் சரிசெய்வாள். சரிசெய்ததும், "ஏதாவது டைப் பண்ணிப் பாருப்பா" என்பாள். முதலில் ஷாம்பூவையே அடித்தேன். பிறகு ஒரு விஷயம் உறைத்தது. என் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவாள், திட்டுவாள், நான் சொல்லும் ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிக்காமல் இருப்பாள். படிக்க மட்டும் வராது, போனில் நாங்கள் அனுப்பிக்கொள்ளும் செய்திகூட ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்தான். அடுத்த லீவில் சொல்லித்தரலாம் என்று நானும் என் மனைவியும் எல்லா லீவிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குத் தெரியாமல், அவளுக்கு எழுதலாம்.

ஒரு ஞாயிறு இப்படி அடித்தேன்: 'வீட்டில் பேசுவதற்கு இப்போது குக்கர் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாது.'

"என்னப்பா அது?"

"ஷாம்பூ."

இன்னொரு ஞாயிறு: 'உன் அறையில் இஸ்திரி போடாத துணிகள் குடியேறிவிட்டன. நல்ல வாடகைதாரர்கள். சத்தமே இல்லை.' அதற்கடுத்து: 'அம்மாவின் செருப்பை வாசலில் இருந்து எடுக்கவில்லை. வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரியட்டும் என்று கீழ்வீட்டாரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன்.'

"ஷிஃப்ட் சரியா விழறதா?"

"பிரமாதமா விழறது. எல்லா ளவும் வந்துடுத்து."

"பெரிய ஷாம்பூவா இருக்கேப்பா" என்றாள்.

அவளுக்குச் சந்தேகம் என் மேல் வரவில்லை, கம்ப்யூட்டர் மேல் வந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளின் தொழில் புத்தி அது. ஒரு பொருள் வாராவாரம் சனிக்கிழமை மட்டும் கெடுவதற்குக் காரணம் இருந்தாக வேண்டும் என்றாள். "எந்த கீ போகுது, எந்த கீ வருதுன்னு பாக்கணும்" என்று திரையின் வலது கீழ்மூலையில் ஒரு கறுப்புப் பட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். கேப்ஸ் லாக்கை அழுத்தச் சொன்னாள். பட்டையில் கண்ட்ரோல் என்று ஆங்கிலத்தில் எழுந்தது. ஆல்ட்டை அழுத்தினால் ஷிஃப்ட். "இது இருக்கட்டும்" என்றாள். எனக்கென்ன, இருக்கட்டும் என்றேன். ஓடுகிற ரயிலில் அபாயச் சங்கிலி இருப்பதுபோல் அது ஒரு ஓரத்தில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தட்டும்போது கீபோர்டைத்தான் பார்ப்பேன், திரையைப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷமாகியும் எழுத்துகள் இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் தீரவில்லை. வாக்கியம் முடிந்ததும்தான் தலையைத் தூக்குவேன்.

அடுத்த ஞாயிறு அவள், "ச்சல் அப்பா, டெஸ்ட் பண்ணு" என்றாள். அன்றைக்கு ஏனோ ஷாம்பூ, குக்கர் எதிலும் மனம் போகவில்லை. காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பால் பாக்கெட்காரரும் பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் குனிந்து அடித்தேன்:

'இந்த விசை தானாகக் கெடுவதில்லை. சனிக்கிழமை நான்தான் கெடுக்கிறேன். இல்லாவிட்டால் நீ எந்த விஷயத்துக்காகக் கூப்பிடுவாய்?'

தலையைத் தூக்கினேன். போனில் சத்தம் இல்லை. தின்னும் சத்தமும் இல்லை, நாயும் இல்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்பா." "இது என்ன ஷாம்பூ?" என்றாள்.

"முடி கொட்டறதுக்கு."

அவள் சிரிக்கவில்லை. திரையில் என் வாக்கியத்துக்குக் கீழே அம்பு போய் நின்றது. நான் கையை மடியில் வைத்தேன். எழுத்துகள் வர ஆரம்பித்தன. அவள் தட்டுகிறாள். மெல்போர்னில் அவள் ஆங்கில எழுத்தைத் தட்ட, செம்பூரில் அவளுக்குத் தெரியாத தமிழ் எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கண் மூலைக்குப் போயிற்று. கறுப்புப் பட்டையில் அவள் தட்டுவதெல்லாம் அப்படியே ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலும் ஷிஃப்ட்டும் மட்டும் இல்லை, எல்லாம். ஏ, பி, பி, ஏ. யார் வாய்விட்டுப் படித்தாலும் அது 'அப்பா'தான்.

நான் தட்டியதும் அப்படித்தான் ஓடியிருக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவளுக்கு, அவள் கண்ணெதிரில், அவளுக்குத் தெரிந்த எழுத்தில். இந்த வாரம் மட்டுமா என்று யோசித்தேன். பட்டை வந்து இது இரண்டாவது ஞாயிறு. போன வாரம் பட்டை வந்த பிறகு நான் அடித்தது, செருப்பு.

"நான் என்ன எழுதியிருக்கேன்னு எனக்கே தெரியலை. நீயே படி" என்றாள்.

"அப்புறம் படிக்கறேன்."

"இப்போ படிப்பா. சத்தமா."

ஷாம்பூக்காரனான நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "அப்பா, கீ நன்னாத்தான் இருக்கு. நீ அதைத் தொடாதே. விஷயம் இல்லாட்டா நீயே கூப்பிடு. நான் கூப்பிட்டா நீ எனக்கு என்ன ஆச்சோன்னு பயப்படறே, அதனாலதான் நான் கூப்பிடறதில்லை." கடைசி வாக்கியத்தைப் பாதி வரைதான் சத்தமாகப் படித்தேன். மீதி அவள் எழுதியதுதானே, அவளுக்குத் தெரியும்.

அவள் சொன்னது உண்மை. அவள் அம்மா இறந்த வருஷத்தில் நேரங்கெட்ட நேரத்தில் அவள் கூப்பிட்டபோதெல்லாம் நான் "என்ன விஷயம்? என்ன ஆச்சு?" என்று கத்தியிருக்கிறேன். ஒன்றுமில்லை என்று சொன்னதும் வைத்திருக்கிறேன்.

"சரி, இனிமே டிக்கைத் தொடமாட்டேன்" என்றேன்.

"உனக்கு எந்த டிக்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்துவிட்டாள். கறுப்புப் பட்டையை எடுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. ஞாயிறு காலை பத்தரை ஆயிற்று. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன். உழைப்பாளி, கண்ட்ரோலாகவே இருந்தது. கட்டைவிரலில் ஷிஃப்ட் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மெல்போர்னிலிருந்து அவள் சிலிண்டருக்கு என்ன செய்வாள்? எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் தண்ணீர் டேங்க் கழுவுகிறார்கள். அதுவும் அவள் அதிகாரத்தில் இல்லை. கை மவுஸுக்குப் போயிற்று. நிரலைத் திறந்தேன். கட்டத்தில் டிக் இருந்தது. ஒரே ஒரு டிக், எடுத்தால் விஷயம் ரெடி. கீபோர்ட் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது, பச்சையிலிருந்து நீலத்துக்கு.

நிரலை மூடிவிட்டுக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் விஷயம் கையில் இல்லாமல் ஒரு நம்பரை அழுத்தியது அதுதான் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

எடுத்துவிட்டாள். "என்ன விஷயம்பா?"

பழக்கம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"ஒண்ணுமில்லை," என்றேன். "கீ நன்னா இருக்கு. சிலிண்டர்கூட இன்னும் நாலு நாள் வரும்."

வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லேன்னா நிறைய நேரம் ஆகும்பா," என்றாள். "இரு, டீ போட்டு எடுத்துண்டு வரேன்."

போனை அவள் மேஜை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.